வறட்சியும் தீயும்: ஒரு கணக்கின் வரலாறு

ஈப்போ மாநகரின் மேற்குப் பகுதியில் அமைந்தது புந்தோங். தமிழர் செறிந்து வாழும் இவ்வூர், கச்சாங் பூத்தே எனப்படும் கடலை, பயறு, முறுக்கு வகைகளின் தொழிலால் மலேசியா முழுவதும் பெயர் பெற்றது. மேற்கே கிளேடாங் மலையும், கிழக்கே தீபகற்பத்தின் முதுகெலும்பு போன்ற நடுமலைத் தொடரும் நிற்க, இடையே கிந்தா ஆறு பாயும் சமவெளி விரிந்து கிடக்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நிலம் இது. தமிழகச் சமவெளி பெறும் மழையினும் இருமடங்குக்கு மிகுதி எனலாம்.

இத்தகைய நிலத்தில் வறட்சியைப் பற்றியும் காட்டுத்தீயைப் பற்றியும் பேசுவது முதற்கண் வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், 1997ஆம் ஆண்டிலும், அதன் பின்னர் 2015, 2019 ஆகிய ஆண்டுகளிலும் புகைமூட்டம் தீபகற்பத்தைச் சூழ்ந்தபோது, மழை மிக்க இந்நாட்டில் மக்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நடமாட நேர்ந்தது. எங்கோ எரியும் மண்ணின் புகை கடல் கடந்து வந்து மலைகளை மறைத்தது. எந்த நாளில் நிலம் தீக்கு இரையாகும் நிலையை அடையும் என்பதை முன்கூட்டி அறிய முடியுமா? முடியும் என்பதே தீவானிலைக் கணிப்பு என்னும் அறிவியல் தரும் விடை. அந்த அறிவியலின் வேர்களுள் ஒன்று, தமிழ்நாட்டையே உலுக்கிய ஒரு பஞ்சத்தில் ஊன்றியிருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி.

பாலை என்பது நிலை

முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் கூறுவதைத் தமிழாசிரியர் அறிவர். பாலையைத் தனியொரு நிலமாகக் கொள்ளாமல், நல்ல நிலத்துக்கு நேரும் கேடாகக் கொண்டது அந்நூலின் நுட்பம். இன்றைய வானிலை அறிஞர் வறட்சிக்குத் தரும் விளக்கமும் இதனோடு ஒத்துச் செல்கிறது. பாலைவனம் என்றும் வறண்டது. அங்கு மழையின்மை இயல்பு. வறட்சியோ எந்த நிலத்துக்கும் வரக்கூடியது. ஒரு நிலத்துக்கு வழக்கமாக வரவேண்டிய நீர் வராது போவதே வறட்சி. ஆகவே கிந்தா சமவெளிக்கும் வறட்சி உண்டு. அதற்கு மேற்கே கடல் தாண்டிக் கிடக்கும் சுமத்திராவின் சதுப்புக் காடுகளுக்கும் வறட்சி உண்டு.

தாது வருடம்

1876ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பருவமழைகள் பொய்த்தன. 1877இல் தென்மேற்குப் பருவமழையும் குன்றியது. 1876-77 தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது வருடம் ஆதலால், அக்கொடுமை ‘தாது வருடப் பஞ்சம்’ என்று மக்கள் நாவில் நிலைத்தது. 1876 முதல் 1878 வரை பிரிட்டிஷ் இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பீடு. சென்னையின் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, பஞ்ச நிவாரண வேலையாகப் பட்டினி கிடந்தவர்களைக் கொண்டு வெட்டப்பட்டது. பிழைக்க வழியற்றோர் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினர்.

அதே 1877ஆம் ஆண்டில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. கோலகங்சார் ஈப்போவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஊரை விட்டு மக்களைத் துரத்திய வறட்சியும், அம்மக்களின் பேரப்பிள்ளைகளைக் காத்திருந்த மரமும் ஒரே ஆண்டில் வரலாற்றில் கால் வைத்தன.

மழை பொய்த்ததை எவரும் முன்னறியவில்லை. மழையை அளப்பார் இல்லாமையால் அன்று. சென்னை வானாய்வுக் கூடம் 1792இல் அமைந்தது; 1813 முதல் சென்னையின் மழை ஆண்டுதோறும் எண்ணாகப் பதிவு பெற்று வந்திருக்கிறது. எண்கள் இருந்தன, அவற்றை மற்ற நாடுகளின் எண்களோடு பொருத்திப் பார்க்கும் அறிவு இல்லை. ஏட்டில் வரவு எழுதப்பட்டதே அல்லாமல் கணக்கு முடிக்கப்படவில்லை.

எண்களும் உறவும்

இந்திய வானிலை இலாகா 1875இல் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு. பஞ்சத்தின்போது காற்றழுத்தம் இந்தியாவில் மட்டுமன்றி, ஆசியாவின் பிற பகுதிகளிலும் ஆஸ்திரேலியாவிலும் வழக்கத்துக்கு மிஞ்சி உயர்ந்திருந்ததை அவர் கண்டறிந்தார். 1888இல் ஆஸ்திரேலியாவின் சார்லஸ் டாட், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் பெரும்பாலும் ஒரே காலத்தில் வறள்கின்றன என்பதைச் சுட்டினார். ஊர்க் குளம் வற்றுவது ஊர்ச் செய்தி மட்டுமன்று, கடல்களுக்கு அப்பாலும் அதற்கு உறவு உண்டு என்ற எண்ணம் அப்போதுதான் முளைவிட்டது.

1880இல் வெளிவந்த பஞ்ச விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பின், மழையை முன்கூட்டிக் கூறும் பொறுப்பு வானிலை இலாகாவின் மேல் விழுந்தது. இமயத்தில் பனி மிகுந்தால் அடுத்து வரும் பருவமழை குறையும் என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டு பிளான்போர்டு முதற்கண் சோதனைக் கணிப்புகளை அளித்தார். 1886 முதல் அவை முறையாக வெளிவந்தன. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் மேலும் பல காரணங்களைச் சேர்த்துக் கணித்தார். ஆனால் 1899இல் நல்ல மழை வரும் என அவர் எதிர்பார்க்க, வந்ததோ கடும் வறட்சி. நாடு மீண்டும் பஞ்சத்தில் வீழ்ந்தது.

இத்தோல்விக்குப் பின் 1904இல் அப்பதவிக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். அவர் வானிலை அறிஞர் அல்லர். கேம்பிரிட்ஜில் முதலிடம் பெற்ற கணித வல்லுநர். தமிழர் அவரை நன்றியோடு நினைக்க வேறொரு காரணமும் உண்டு. 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த வாக்கர், துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த இராமானுசனின் கணிதக் குறிப்புகளைக் கண்டு, அவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை வழங்குமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார்.

வாக்கர் காரணத்தைத் தேடுமுன் உறவைத் தேடினார். உலகின் பல இடங்களிலிருந்தும் அழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் நெடுங்கால எண்களைத் திரட்டி, எது எதனோடு சேர்ந்து ஏறுகிறது, எது இறங்குகிறது என்று எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே கணக்கிட்டார். பசிபிக்கின் கிழக்கே அழுத்தம் ஏறினால் இந்துமாக்கடற் பக்கம் இறங்குவதும், இங்கு ஏறினால் அங்கு இறங்குவதும் தராசுத் தட்டுகளைப் போல் நிகழ்வதை அவர் கண்டார். 1920களில் அதற்குத் ‘தென் அலைவு’ எனப் பெயரிட்டார். அது ஏன் நிகழ்கிறது என்பதை விளக்க அவரால் இயலவில்லை. 1969இல் யாக்கோப் பியர்க்னஸ் என்னும் நார்வே நாட்டு அறிஞர் அதற்கு விடை தந்தார். தென் அமெரிக்காவின் பெரு நாட்டு மீனவர் ‘எல் நினோ’ என்று அழைத்து வந்த கடல் வெப்பமும் தென் அலைவும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள் என்று அவர் நிறுவினார்.

சாதாரண ஆண்டுகளில் பசிபிக்கின் வெந்நீர் மேற்கே, இந்தோனேசியத் தீவுகளை ஒட்டிக் குவிகிறது. அங்கே காற்று சூடேறி மேலெழுந்து பெருமழையாகப் பொழிகிறது. எல் நினோ ஆண்டுகளில் அவ்வெந்நீர் கிழக்கே நகர, மழையும் அதனைத் தொடர்ந்து நகர்கிறது. சுமத்திரா, போர்னியோ, மலாய்த் தீபகற்பம் ஆகியவற்றின் மேல் காற்று கீழிறங்கி, மேகத்தைக் கலைத்து விடுகிறது. தாது வருடப் பஞ்சத்துக்குப் பின்னிருந்ததும் இத்தகைய எல் நினோவே; 1877-78இல் நிகழ்ந்த அது மிகக் கடுமையானவற்றுள் ஒன்று.

பஞ்சாங்கமும் சோதனையும்

இங்கே பஞ்சாங்கம் படிப்போர் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருபவை. தாதுவுக்கு அடுத்தது ஈசுவர ஆண்டு. 1877-78 ஈசுவர ஆண்டு. 1997-98ம் ஈசுவர ஆண்டு. இரண்டிலும் பெரும் எல் நினோ. அறுபதாண்டுச் சுழற்சியே மழையை ஆள்கிறது என்று கூற இதைவிடச் சான்று வேண்டுமா என்று தோன்றும்.

ஆனால் இடைப்பட்ட ஈசுவர ஆண்டு 1937-38. அவ்வாண்டில் பெரும் எல் நினோ ஏதும் இல்லை. கடும் எல் நினோக்கள் வந்த 1982-83, 2015-16 ஆகியவை ஈசுவர ஆண்டுகள் அல்ல. இரண்டு முறை பொருந்தியது தற்செயல். பொருந்தியதை மட்டும் எண்ணி, பொருந்தாததை எண்ணாமல் விடுவது மனித இயல்பு. வாக்கருக்கு முன்னிருந்தோர் தவறியதும் இவ்விடத்திலேதான். சில ஆண்டுகள் ஒத்துவந்தமையால் ஓர் உறவை நம்பிவிட்டனர். ஓர் உறவை நம்புமுன், அது வெறும் தற்செயலாகவும் தோன்றியிருக்கக் கூடுமா என்று அளந்து பார்க்க வேண்டும் என்பதே வாக்கர் விட்டுச் சென்ற பாடம்.

பஞ்சாங்கத்தை எள்ளுவதற்காக இது கூறப்படவில்லை. ஆண்டுக்கு இத்தனை மரக்கால் மழை என்று எழுதும் மரபு, மழை அளந்து அறியத்தக்க பொருள் என்று தமிழர் கருதியதைக் காட்டுகிறது. அளவு என்ற கருத்து அங்கே இருந்தது. ஆண்டின் முடிவில் சரிபார்க்கும் வழக்கம் இல்லாது போயிற்று.

தோட்டத்து மழைமானி

மலாயாவில் அந்த அளவும் பதிவும் வேறு வடிவில் வளர்ந்தன. முதற்கண் அரசாங்க மருத்துவமனைகளிலும், பின்னர் தோட்டங்களிலும் மழைமானிகள் வைக்கப்பட்டன. 1929இல் மலாயா வானிலைப் பணி அமைந்தது. ரப்பர்த் தோட்டத்தில் மழைக்கணக்கு வெறும் ஆராய்ச்சியன்று, அது கூலிக்கணக்கு. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும் தொழிலாளி முதலில் பார்ப்பது வானத்தை. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். வேலை இல்லாத நாளில் வருமானமும் இல்லை.

மழையில்லாத நாளுக்கும் அச்சம் உண்டு. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் மழை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் மிகுந்தும், ஆண்டின் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தும் பெய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றை நடுமலைத் தொடர் தடுக்கிறது. தென்மேற்குக் காற்றைச் சுமத்திராவின் மலைகள் தடுக்கின்றன. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். பாலும் குறையும். மரத்தடியெல்லாம் சருகு மெத்தையாகப் பரவிக் கிடக்க, ஓரத்தில் லாலான் புல் காய்ந்து நிற்கும். அவ்வேளையில் ஒரு பீடித் துண்டு போதும். மறுபுறம், காடழித்துத் தோட்டம் போட்டவர்கள் அதே வறண்ட வாரங்களையே எதிர்நோக்கினர். வெட்டிச் சாய்த்த மரங்களைக் காயவிட்டு, மழை தொடங்குமுன் தீயிடுவது அக்கால வழக்கம். தீக்கு ஏற்ற நாளைக் கணிக்கும் கலை, தீயை அணைப்பதற்காக அன்றித் தீயை மூட்டுவதற்காகவே இம்மண்ணில் முதலில் பயின்றது.

மூன்று ஏடுகள்

தீவானிலை வல்லுநர் இன்று செய்வதென்ன? நாள்தோறும் நண்பகலில் நான்கு எண்களைப் பதிவு செய்கிறார்: காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், கடந்த 24 மணி நேரத்தில் பெய்த மழை. இந்நான்கைக் கொண்டு நிலத்தின் மூன்று அடுக்குகளுக்கு மூன்று ஈரக்கணக்குகளை எழுதுகிறார். 1970இல் கனடாவில் முழு வடிவம் பெற்ற முறை இது. வான் வாக்னர் என்னும் காட்டியல் அறிஞரின் உழைப்பு இதில் பெரிது.

முதல் ஏடு மேற்பரப்புச் சருகுக்கும் புல்லுக்கும் உரியது. இவ்வடுக்கு தன் ஈரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஒரு நாளுக்குள்ளேயே இழந்துவிடும். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையே அதனை நனைக்கும். இரண்டாம் ஏடு அதன் கீழுள்ள மக்கிய இலைக்கு உரியது. அவ்வளவு ஈரத்தை இழக்க அதற்கு ஏறத்தாழ 12 நாள் ஆகும். மூன்றாம் ஏடு ஆழத்தில் இறுகிக் கிடக்கும் மக்குக்கு உரியது. அதற்கு 52 நாள். 2.8 மில்லிமீட்டருக்குக் குறைந்த மழையை அது வரவாகவே கொள்ளாது. இந்த மூன்றாம் ஏட்டுக்கே ‘வறட்சிக் குறி’ என்று பெயர்.

அமெரிக்க அறிஞர் கீச்சும் பைரமும் 1968இல் வகுத்த வேறொரு குறியீடு இக்கருத்தை இன்னும் எளிதாக விளக்கும். அதில் நிலம் முழுதும் நனைந்திருந்தால் குறி 0. எட்டு அங்குல நீர் குறைந்தால் குறி 800. வெயில் அடிக்கும் ஒவ்வொரு நாளும் கடன் சிறிது ஏறுகிறது. தக்க மழை பெய்தால் கடன் அடைகிறது. தூறல் விழுந்து முற்றம் நனைந்ததும் வறட்சி தீர்ந்தது என்று மகிழ்வோர், முதல் ஏட்டை மட்டும் பார்த்தவர்கள். ஆழத்திலுள்ள கடன் அப்படியே நிற்கிறது.

மூன்று ஏடுகளுக்கும் மூன்று வகைத் தீ உண்டு. தமிழகத்தின் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் நாள் மலையேறச் சென்றோரைத் தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. காய்ந்த புல் நிறைந்த சரிவில் காற்றோடு ஓடிய தீ அது. முதல் ஏட்டின் தீ. சுமத்திராவிலும் போர்னியோவிலும் எரிவதோ மூன்றாம் ஏட்டின் தீ. அங்குள்ள சதுப்பு நிலம், பல்லாயிரம் ஆண்டுகளாக மட்காமல் படிந்த தாவரக் குவியல். நீரில் ஊறிக் கிடக்கும்வரை அது எரியாது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, அதன்மேல் வறட்சியும் வந்து சேர்ந்தால், நிலமே விறகாகிறது. சுடர் இல்லாமல் மண்ணுக்குள் புகைந்து புகைந்து வாரக்கணக்கில் எரிகிறது. மேலே ஊற்றும் நீர் அதனை எட்டுவதில்லை.

இக்கனடிய முறையைத் தென்கிழக்காசிய நிலத்துக்கு ஏற்பத் திருத்தியமைக்கும் பணி 1997-98ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப் பின் தொடங்கியது. கனடிய வல்லுநரோடு மலேசிய, இந்தோனேசிய வல்லுநரும் அதில் ஈடுபட்டனர். மலேசிய வானிலை இலாகா நாள்தோறும் இதன் படங்களை வெளியிட்டு வருகிறது. நீலம் என்றால் தீவாய்ப்புக் குறைவு, பச்சை நடுத்தரம், மஞ்சள் மிகுதி, சிவப்பு மிகக் கடுமை. முதல் ஏடு எங்கே எளிதில் தீப்பற்றும் என்பதையும், வறட்சிக் குறி எங்கே புகைமூட்டம் எழக்கூடும் என்பதையும் காட்டுகின்றன.

அறியாமையும் அறிந்தும் வாளாவிருத்தலும்

1997ஆம் ஆண்டின் நடுவிலேயே பெரும் எல் நினோ உருவாகி வருவதை உலக வானிலை நிலையங்கள் அறிவித்துவிட்டன. சுமத்திராவை ஒட்டிய இந்துமாக்கடலும் அவ்வாண்டு வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்திருந்தது. அதுவும் மழையைக் குறைத்தது. போர்னியோவின் மத்திய கலிமந்தானில், நெல் விளைவிக்கும் திட்டம் ஒன்றுக்காகப் பத்து இலட்சம் ஹெக்டேர் அளவிலான நிலப்பரப்பில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருந்தன. அறிவிப்பு வந்த பின்னரும் நிலத்தைத் துப்புரவாக்க வைத்த தீ நின்றபாடில்லை. இப்பகுதியின் காட்டுத்தீகளில் மிகப் பெரும்பாலானவை இடியால் மூண்டவையல்ல, மனிதன் வைத்தவை.

செப்டம்பர் 19ஆம் நாள் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுமாசுக் குறியீடு 800ஐக் கடந்தது. 300ஐத் தாண்டினாலே உயிருக்கு ஊறு என்பது அதன் வரையறை. மலேசியத் தீயணைப்பு வீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தோனேசியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவ்விரு ஆண்டுகளில் இந்தோனேசியாவில் எரிந்த நிலம் ஒரு கோடி ஹெக்டேரை நெருங்கியது என்பது மதிப்பீடு. அந்நாட்டின் சதுப்பு மண்ணிலிருந்தும் அதன் காடுகளிலிருந்தும் 1997இல் வெளிப்பட்ட கரி, உலகம் முழுவதும் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளிவிடும் கரியில் நூற்றுக்கு 13 முதல் 40 பங்கு வரை இருக்கலாம் என அறிஞர் கணக்கிட்டனர்.

1877ஐயும் 1997ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முன்னதில் கணக்கு இல்லை. மக்கள் அறியாமல் மாண்டனர். பின்னதில் கணக்கு இருந்தது. அறிந்திருந்தும் தீ வைக்கப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் அறிவு வளர்ந்த அளவுக்கு அவ்வறிவைச் செயலாக்கும் ஒழுங்கு வளரவில்லை.

எனினும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 1998இல் மலேசியா தன் சுற்றுச்சூழல் சட்டத்தைத் திருத்தித் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்தது. 2002 ஜூன் 10ஆம் நாள் ஆசியான் நாடுகள் எல்லை கடந்த புகைமூட்டம் குறித்து உடன்படிக்கை செய்துகொண்டன. 2003இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தோனேசியா 2014இல் அதனை ஏற்றது. மறுநடவின்போது பழைய மரங்களைக் கொளுத்தாமல் துண்டாக்கி மண்ணிலேயே மக்கவிடும் முறை மலேசியத் தோட்டங்களில் 1980களின் பிற்பகுதியிலேயே தொடங்கிப் பரவியது. தீ மூட்டும் நாளைத் தேடிய தோட்டத் தொழில், தீயின்றி வாழவும் கற்றுக்கொண்டது.

ஏட்டைப் படிப்போர்

2016இல் எல் நினோவின் வெம்மையில், பேராக்கின் வடக்கேயுள்ள புக்கிட் மேரா ஏரியின் நீர் மிகவும் தாழ்ந்து போயிற்று. கிரியான் வயல்களுக்கு நீரூட்டுவதற்காக 1906இல் கட்டி முடிக்கப்பட்ட ஏரி அது. மழை மிக்க பேராக்கும் கடன்பட்டு நிற்கும் காலம் உண்டு என்பதை அது எடுத்துக் காட்டியது.

தீவானிலைக் கணிப்பு சோதிடமன்று. இன்ன நாளில் இன்ன இடத்தில் தீ எழும் என்று அது கூறாது. நிலம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை மட்டும் கூறும். அந்நிலையில் தீயை வைப்பதும் வையாது விடுப்பதும் மனிதன் கையில் இருக்கிறது. கடன் ஏட்டை நாள்தோறும் எழுதுவோர் இருக்கிறார்கள். படிப்போர் பெருக வேண்டும்.

அதைப் பள்ளியிலேயே பழக்கலாம். புந்தோங் போன்ற ஊரில், பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் காலையில் மாணவர் ஒருவர் அளவைக் குறித்து வரச் செய்வது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. மழை பெய்த நாளில் எழுதும் எண்ணைவிட, பெய்யாத நாளில் எழுதும் சுழியம் அம்மாணவருக்கு மிகுதியாகக் கற்பிக்கும். தொடர்ந்து பத்துச் சுழியம் எழுதிய கை, பதினோராம் நாள் குப்பைக்குத் தீ வைக்கச் சற்றே தயங்கும்.